நான்காவது ஆளாக ஒரு கல்

அப்பாவுக்குப் பெண் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று சொன்னபோது, சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீனப் பெண் சிரிக்கவில்லை. "நல்ல காரியம். எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டாள். ஒரு ஏரியில் என்றேன். "படகு உண்டா?" உண்டு என்றேன். அதற்கு மேல் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

எனக்குத்தான் இருந்தது. எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படுத்தினேன். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது. காலையில் வடித்த சோற்றையே இரவுவரை வைத்துக்கொள்கிறார். ஃபோனில் "சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆச்சு" என்கிறார், என்ன சாப்பாடு என்றால் யோசிக்கிறார். இன்னும் சில வருடம் இருக்க முடியுமா என்று என் அலுவலகத்தில் கேட்கிறார்கள். அப்பாவின் தட்டுக்கு எதிரே ஒரு ஆள் உட்காராமல் என்னால் அதற்குச் சரி சொல்ல முடியாது. இருக்கும் விடுமுறையோ ஒரே வாரம்.

திருச்சியிலிருந்து ஏறிய பாசஞ்சர் ரயிலில் என் எதிரே வங்காளத்திலிருந்து நடவு வேலைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. அவர்களில் ஒருவர் ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த நம்மூர் மேஸ்திரியிடம் என்ன என்று கேட்டேன். "நடவுக்குன்னு கூட்டியாந்தீங்க, இங்க மீன் பிடிக்கிற வேலைதான் இருக்கும்போல இருக்கேங்கிறாம்மா" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பூதலூரில் இறங்கி ஏறிய ஆட்டோ, பாதி வழியில் சாலையைக் கடந்து ஓடிய தண்ணீரில் நின்றுவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார், இறுதியில் என் காலணியைப் பார்த்தார். "எறங்கித் தள்ளணுங்க" என்றார் வருத்தத்தோடு. தள்ளினேன். சிங்கப்பூரில் சாலையில் தண்ணீர் நின்றால் என் மாதிரி வடிகால் வேலை பார்க்கும் ஆட்களின் ஃபோன் அடிக்கும். இங்கே பின்னால் வந்த பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கூடத் தள்ளினார்.

வீட்டில் அத்தை எனக்கு முன்பே வந்து அடுப்படியைக் கைப்பற்றியிருந்தார். அப்பாவின் தங்கை, நன்னிலத்தில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்தார். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து அத்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பாத்தியா? சோறு வேணாம்னு இல்ல. போட ஆளு இல்ல."

"மழை பேஞ்சா பசிக்கும்" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

பெண்ணின் பெயர் வசந்தா. எங்கள் கீழப்படுகைக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம், மேலப்படுகை. அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். கல்யாணமான இரண்டாம் வருடமே கணவர் தவறிவிட்டார். அதிலிருந்து அண்ணன் குணசேகரன் வீட்டில் இருக்கிறார். "ஐம்பதாச்சு. கெட்டிக்காரி. ஒரே ஒரு கொறைதான்" என்றார் அத்தை. "ரெண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாதாம். எதை வச்சாலும் அறுபது பேருக்கு வந்துடுதாம்."

அப்பா முதல்முறையாகச் சிரித்தார். ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்: "பாக்குறேன்." கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

ஏரிப் பூங்காவில் பார்ப்பது என்பது அத்தையின் யோசனை. வீட்டுக்குப் போனால் தெருவே எட்டிப் பார்க்கும். கோயிலில் பார்த்தால் முடிவானது போல ஆகிவிடும். பூங்காவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். "புடிக்கலன்னு வையி, தண்ணி பாக்க வந்தோம்னு சொல்லிட்டு வந்துடலாம்" என்றார்.

அந்தச் சாக்கை எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் சினிமாவுக்குப் போவது போல நாங்கள் தண்ணீர் பார்க்கப் போவோம். ஆற்றில் முதல் தண்ணீர் வந்தால் போவோம். வாய்க்காலில் வந்தால் போவோம். ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிந்தால் குடும்பத்தோடு போவோம். கலிங்கு என்பது ஏரிக்கரையில் நீளமாகக் கட்டிவிட்ட தாழ்ந்த சுவர். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் தலைமேல் ஏறிக் குதித்து வடிகாலில் போகும். போய் என்ன செய்வோம் என்று கேட்டால் பதில் கிடையாது. நின்று பார்ப்போம், அவ்வளவுதான்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போவோம். நான் முன்னால் நின்றுகொள்வேன், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். கலிங்குக்குப் பக்கத்தில் கரையின் கல்மேல் அம்மாவுக்கென்று ஒரு இடம் உண்டு. உட்கார்ந்ததும் தலையிலிருந்து ஒரு கண்ணி கதம்பத்தைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார். அது சுவரைத் தாண்டி விழுந்து நுரையில் மறைந்ததும், ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியை அப்பாவிடம் கேட்பார்: "இது எவ்ளோ தண்ணிங்க போவும்?"

"போவும், நெறைய" என்பார் அப்பா. அம்மாவுக்கு அது போதும்.

இப்போது எனக்கு அதன் சரியான விடை தெரியும். சுவரின் நீளம், அதன் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம், இரண்டும் தெரிந்தால் ஒரு நொடிக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். சம்பளத்துக்கு நான் செய்வது கிட்டத்தட்ட அதுதான். நான் வேலை பார்க்கும் நகரத்தில் கடலோரத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கவும் அதுதான், துடுப்புப் படகு விடவும் அதுதான். கதவுகள் எப்போது திறந்து மூடின என்று அங்கே படகு விடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அங்கே போய் நிற்கும்போதெல்லாம், ஒரு பூவைக் கிள்ளிப் போட்டு அளவு கேட்கும் ஒருவராவது வரமாட்டாரா என்று தோன்றும்.

மறுநாள் காலை மழை சற்று விட்டிருந்தது. கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றுவிட்டார்.

"மூணு பேரா போறோமே!"

"அதனால என்ன அத்தை?"

"நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவக்கூடாதுடி. சிங்கப்பூர்ல சொல்லித் தரலியா?"

வேலியோரம் கிடந்த, தேங்காய் அளவு கருங்கல் ஒன்றைப் பொறுக்கி, கழுவி, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது நாங்கள் நான்கு பேர். எங்களை ஏற்றிக்கொண்ட காரின் டிரைவர், "அப்ப என்னைய ஆளாவே சேத்துக்கலியா?" என்று கேட்டார். "நீ வாடகைக்கு வந்த ஆளுப்பா, கணக்குல வரமாட்ட" என்றார் அத்தை.

ராகு காலம் பார்த்திருந்தோம். எமகண்டம் பார்த்திருந்தோம். ஏரியின் மட்டத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நான் என் விடுமுறையைப் பார்த்து நாள் சொன்னேன். அத்தை பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சரி என்றார். தண்ணீர்க் கதவுகளோடு தினமும் புழங்கும் நானும், டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த அத்தையும் சேர்ந்து, ஐப்பசி அடைமழையில் ஏரிக்கரையில் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்து பூங்காவுக்குப் போக, கலிங்குக்குக் கீழே வடிகாலின் குறுக்கே இருக்கும் தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலம் இல்லை. இருந்தது, ஆனால் முழங்கால் அளவு தண்ணீருக்குக் கீழே இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய கயிறு. அந்தப் பக்கம் பூங்காவின் வாசல், அதற்கு அப்பால் கட்டிப்போட்ட அன்னப் படகுகள், "ஐ லவ்" என்று தொடங்கும் பெரிய சிவப்பு எழுத்துகள். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் குடை பிடித்து நின்றிருந்தார்கள். பெண் பாக்கு நிறத்தில் புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு பெரிய டிஃபன் கேரியர்.

"அதான் வசந்தா" என்றார் அத்தை. "நல்லாப் பாத்துக்க அண்ணே."

கலிங்கின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அத்தை குணசேகரனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஐம்பதடி தூரத்தில் உதடு அசைவதைக் கண்ணால் பார்த்தபடி, குரலைக் கையிலிருந்து கேட்டோம்.

"வாங்க வாங்க" என்றார் குணசேகரன் எதிர்க்கரையிலிருந்து, வர வழியில்லாதவர்களைப் பார்த்து. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு. மழைதான் பாருங்க..."

"ஆமா, மழைதான்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அப்பா எங்கே என்று திரும்பினேன். அவர் அத்தையின் கைப்பையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் யாரும் செய்யமாட்டார்கள்.

"அண்ணே, அங்க பாரு அண்ணே, எதுக்க!"

"பாத்தேன்" என்றார் அப்பா. பார்வை கல்லின் மேலேயே இருந்தது. கல்லின் அடி நனைந்துவிட்டிருந்தது.

ஃபோனில் இப்போது பெண் குரல் வந்தது. "பாப்பா இருக்கா அங்க? சிங்கப்பூர்ப் பாப்பா?"

ஃபோனை வாங்கினேன். எதிரே பாக்கு நிறப் புடவை எனக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன்.

"ஒங்கப்பா என்னம்மா பண்றாரு? எதையாவது தொலைச்சுட்டாரா?"

"தண்ணி ஏறுதான்னு பாக்குறாருங்க."

"எங்கண்ணனும் காலையிலேர்ந்து அதத்தான் பாக்குது. ரெண்டும் ஒரே ரகம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவர் தோளும் குலுங்கியது. "என்னைய எப்படிக் கூப்புடுறதுன்னு முழிக்காத. பள்ளிக்கூடத்துல எல்லாம் ஆயாங்குதுங்க. நீ ஒனக்குத் தோணும்போது எதையாவது கூப்புட்டுக்க."

அப்போது கரையின் மேல், ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் ஷட்டர் இருக்கும் பக்கம், சத்தம் கேட்டது. மேலப்படுகைக்காரர்கள் ஒரு கும்பலாக வந்திருந்தார்கள். ஏரி நிறைந்து தண்ணீர் பின்னால் ஏறி, ஐந்து நாளாக அவர்கள் வயல் முழுகிக் கிடக்கிறது. ஷட்டரைத் திறந்தால் அவர்கள் பக்கம் வடியும். திறந்தால் மொத்தமும் வடிகாலில் இறங்கி, எங்கள் கீழப்படுகை வயலில் ஏறும். அப்பாவின் வயல் வடிகாலை ஒட்டியது. குத்தகைக்கு எடுத்து, சம்பா நட்டு இன்னும் பச்சை பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் நடக்கும் சண்டை இது. நாங்கள் இருவரும் அதை மறந்திருந்தோம். அத்தை ஊரை விட்டுப் போய், நான் நாட்டை விட்டுப் போய்.

ஃபோனைக் குணசேகரன் வாங்கிக்கொண்டார். குரல் மாறியிருந்தது.

"மாமா, சம்பந்தம் பேச வந்த எடத்துல கேக்கக்கூடாது. ஒங்க ஊரு ஆளுங்கதான் தொறக்க விடாம மறிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

அப்பா எழுந்து வந்து ஃபோன் பக்கம் குனிந்தார். "நான் என்னன்னு சொல்றது? என் வயலத்தான மொதல்ல முழுவடிப்பீங்க."

"எங்களது முழுவிக் கெடக்கே, அது வயலு இல்லையா?"

"பள்ளத்துல இருக்கறவனத் தலையில மிதிக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

"அப்ப நாங்க முழுவிச் சாவணுமா?"

"அண்ணே!" "அண்ணே!" என்று இரண்டு கரையிலும் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஃபோன் அணைந்தது. எதிரே குணசேகரன் விடுவிடுவென்று ஷட்டர் பக்கம் நடப்பது தெரிந்தது. அப்பா திரும்பிப் போய்க் கல்லைப் பார்த்தார். பாதிக் கல்தான் தெரிந்தது.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். "தண்ணி பாக்க வந்தோம்னே சொல்லிடலாம்" என்றார்.

நாங்கள் கிளம்பத் திரும்பியபோது பின்னால் டிராக்டர் சத்தம். அந்தப் பக்கத்திலிருந்து நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று, கயிற்றைத் தூக்கச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பிளந்துகொண்டு பாலத்தில் வந்தது. இந்த ஊர் டிராக்டர்க்காரர்களைப் பொறுத்தவரை சிவப்புத் துணி மற்றவர்களுக்காகக் கட்டுவது. எங்களிடம் வந்ததும் ஓட்டிவந்தவர் நிறுத்தி, நாற்றுக்கட்டுகளின் நடுவே குழந்தையை உட்காரவைத்தது போல வைத்திருந்த டிஃபன் கேரியரை எடுத்து நீட்டினார். "மேலப்படுகை ஆயா குடுக்கச் சொல்லுச்சு. ஆறுறதுக்குள்ள சாப்புடணுமாம்."

எதிர்க்கரையில் இப்போது வசந்தா மட்டும் நின்றிருந்தார். சாப்பிடுங்கள் என்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

காருக்குள்ளேயே திறந்தோம். ஐந்து அடுக்கு. கொண்டைக்கடலைப் புலவு, தக்காளித் தொக்கு, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மேலடுக்கில் மிளகு போட்ட முட்டைகள். பத்து பேர் சாப்பிடலாம். டிரைவரையும் கணக்கில் சேர்த்தும் மிஞ்சியது. புலவை வாயில் வைத்ததும் நான் எங்கள் தொடக்கப்பள்ளியின் சமையல் கொட்டகை வரிசையில் நின்றேன். கையில் அலுமினியத் தட்டு, முன்னால் யாருடைய பின்னலோ. பெரிய பாத்திரத்தில் சமைத்தால் மட்டும் வரும் ஒரு ருசி உண்டு. அதைச் சாப்பிட்டு வருடங்கள் ஆயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பா ஒரு முட்டையைச் சாப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையும் மழை. மறுநாள் காலை, மேலிடத்து உத்தரவு வந்து ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத உத்தரவு. கரை உடைந்தால் இரண்டு ஊரும் இருக்காது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் சிங்கப்பூரில் ஒரு கதவைத் திறந்தால் தண்ணீர் கடலுக்குப் போகும். இங்கே அப்பாவின் வயலுக்குப் போயிற்று.

மதியம் போய்ப் பார்த்தோம். வரப்பு தெரியவில்லை. வயலும் வடிகாலும் ஒன்றாகி, ஒரே பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அது அவர் வயல் என்று அடையாளம் சொல்ல ஒரு ஒற்றை நுணா மரம் மட்டும் இருந்தது. நாங்களும் தண்ணீர் பார்த்தோம். இப்படியும் தண்ணீர் பார்ப்பது உண்டு.

வீட்டுக்கு வரும் வழியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "மேலப்படுகைப் பொண்ணு காலெடுத்து வைக்கல, அதுக்குள்ள வெள்ளத்த அனுப்பிட்டுது" என்று ஒருவர். "கொணசேகரன் முன்னாடி நின்னு தொறக்க வச்சானாமே, மச்சானுக்கு நல்ல சீர்தான்" என்று இன்னொருவர். அப்பா காது கேளாதவர் போல நடந்தார். அத்தைக்கு நன்றாகவே கேட்டது.

அடுப்படியில் வசந்தாவின் கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தோம். அடுக்கடுக்காக வரிசையில் ஐந்து கிண்ணங்கள். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. குறைந்தது ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அத்தை அதைக் காட்டி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வெறுங் கேரியரா குடுத்தனுப்பிடுவோம். அவங்களே புரிஞ்சுக்குவாங்க. வாயால வேணாம்னு சொன்ன பாவம் நமக்கு வேணாம்."

"அப்பாவைக் கேளுங்க."

"கேட்டா 'பாக்குறேன்'ம்பாரு."

அப்படியே ஆனது. "அந்தக் கேரியர என்னண்ணே பண்றது?" என்று அத்தை கேட்டபோது அப்பா, "இருக்கட்டும், பாக்குறேன்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. அம்மாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்தேன். அந்த ஐந்து கிண்ணங்களும் எங்கள் அடுப்படியில் புது விருந்தாளிகள் போல, போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தன. அம்மா இருந்திருந்தால் இதற்குள் அவற்றைத் திருப்பிப் பார்த்து, "நல்ல கனமான எவர்சில்வரு" என்று சொல்லியிருப்பார். அப்படி நினைத்ததும் எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மழை விட்டது. ஷட்டரை இறக்கினார்கள். ஒரு நாள் கழித்து வயலில் வரப்புகள் முதுகு காட்டின. காலையில் அப்பாவோடு போனேன். நாற்று எல்லாம் சேறு பூசி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அப்பா ஒன்றைப் பிடுங்கி, சேற்றை வழித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே குருத்து பச்சையாக இருந்தது.

"பொழைச்சுக்கும்" என்றார். "கெழக்கால பள்ளம் மட்டும் திரும்ப நடணும்."

"மேலப்படுகை?"

"அவங்களுது ஆறு நாளு கெடந்துச்சு பாப்பா. நம்மளுது ரெண்டு நாளு." நாற்றை மறுபடி சேற்றில் ஊன்றினார். "தண்ணி எங்கயாவது நின்னுதான ஆவணும்."

பிறகு வரப்போரம் போய், தண்ணீர் வடியும் மடையில் குனிந்தார். அங்கே மீன் பிடிக்கும் மூங்கில் பறி ஒன்று இருந்தது. முந்தின நாள் மாலை, ஒருவரிடமும் சொல்லாமல் வந்து வைத்திருக்கிறார். தூக்கியபோது அது தானாகவே துள்ளியது. நாலைந்து விரால், கைநிறையக் கெளுத்தி, வெள்ளிக் காசு போலக் கெண்டைகள். ஏரி திறந்தால் மீனும் சேர்ந்துதான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே அடுப்படிக்குப் போனார். மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அத்தை உதவிக்கு வந்தபோது தள்ளியிருக்கச் சொன்னார். துண்டுபோட்ட விராலைக் கீழ் அடுக்குகளிலும், கெளுத்தியை நடுவிலும், கெண்டையை மேலேயும் வைத்து, ஐந்து கிண்ணத்தையும் நிறைத்து, கேரியரைப் பூட்டினார். அத்தை வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்ச மீனயா குடுத்தனுப்புவ அண்ணே? பலகாரம் ஏதாச்சும்..."

"அவங்க ஏரி மீனுதான. அவங்களுக்கு இல்லாமயா?" என்றார் அப்பா. "அனுப்பல. நானே கொண்டுபோறேன்."

மூன்று பேரும்தான் போனோம். இந்த முறை அத்தை வாசலில் நிற்கவில்லை; கல்லைப் பற்றி நினைப்பே இல்லை.

தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. எங்கள் கல் வைத்த இடத்திலேயே இருந்தது, தலையில் கொஞ்சம் பாசியும் ஒரு நாற்றுத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு. அவ்வளவு வெள்ளமும் அதன் மேலே போயிருக்கிறது. "அட, நம்மாளு!" என்றார் அத்தை, எடுத்து முந்தானையால் துடைத்தார்.

நான் வசந்தாவுக்கு ஃபோன் செய்திருந்தேன். பள்ளிக்கூடத்து வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார் போல. புடவையை இடுப்பில் செருகியபடி, பூங்கா வாசலில் தனியாக நின்றார். குணசேகரன் வரவில்லை. "அண்ணன் வயல்ல இருக்கு. மொகத்துல முழிக்க வெக்கப்படுது" என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். கேரியரை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பாதிப் பாலத்தில் ஒருகணம் நின்று கலிங்கின் பக்கம் பார்த்தார். அம்மா உட்காரும் கல் அங்கிருந்து தெரியும். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்தாரா, வேறு எதையாவது பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு நடந்தார்.

எதிர்க்கரையில் கேரியர் கைமாறியது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை; அதிகம் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வசந்தா அங்கேயே, பூங்காவின் சுவர் மேல் கேரியரை வைத்துத் திறந்தார். ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பார்த்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்தாமலே சிரித்தார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

என் ஃபோன் அடித்தது.

"ஏம்மா, இதைக் கொழம்பு வச்சுடுறேன்னு சொல்லிட்டேன். பொழுது சாயுறதுக்குள்ள சாப்புட வந்துடுங்க. எத்தனை பேருன்னு ஒழுங்கா சொல்லு, இல்லன்னா ஊருக்கே ஆக்கிடுவேன்."

நான் எண்ணிப் பார்த்தேன். அப்பா. அத்தை. நான். அந்தக் கரையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பவர்.

"நாலு பேருங்க" என்றேன்.

அத்தை கையில் வைத்திருந்த கல்லை ஒருமுறை பார்த்தார். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பாலத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.